வை ராஜா வை: கட்டையை உருட்டுவது யார்?

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில், ராட்டினத்துக்கும் வளையல் கடைகளுக்கும் பின்னால், பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று தனியாக எரிந்துகொண்டிருக்கும். கீழே ஒரு சாக்கு. அதன்மேல் ஆறு படங்கள் வரைந்த துணி. “வை ராஜா வை! ஒண்ணு வைச்சா ரெண்டு, ரெண்டு வைச்சா நாலு!” என்று ஒருவர் கூவுவார். சுற்றி நிற்பவர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தின்மேல் காசு வைப்பார்கள். அவர் டப்பாவைக் குலுக்கிக் கவிழ்ப்பார். போலீஸ்காரரின் தொப்பி தெரிந்தால் துணி, டப்பா, விளக்கு எல்லாம் நொடியில் மறைந்துவிடும். சிறுவனாக நின்று வேடிக்கை பார்த்த எனக்கு, அந்த மறைவுதான் ஆட்டத்தைவிடப் பெரிய வித்தையாகத் தோன்றியது.

இந்த ஆட்டம் ஊருக்கு ஊர் சிறிது மாறும். மூன்று கட்டைகளை உருட்டும் ஒரு வகையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டைக்கும் ஆறு முகங்கள். ஆகவே மூன்று கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 6 × 6 × 6, அதாவது 216. நாம் ஒரு படத்தின்மேல் ஒரு ரூபாய் வைக்கிறோம். அந்தப் படம் ஒரு கட்டையிலும் விழாத விதங்கள் 125. ஒரு கட்டையில் மட்டும் விழும் விதங்கள் 75. அப்போது வைத்த ரூபாயோடு இன்னொரு ரூபாய் கிடைக்கும். இரண்டு கட்டைகளில் விழும் விதங்கள் 15. அப்போது கைக்கு வருவது 3 ரூபாய். மூன்றிலும் விழுவது ஒரே ஒரு விதம். வருவது 4 ரூபாய். ஆக, 216 விதங்களும் ஒவ்வொரு முறை வந்தால் நாம் வைப்பது 216 ரூபாய். திரும்ப வருவது 150 + 45 + 4, அதாவது 199 ரூபாய். மீதி 17 ரூபாய் சாக்குக்காரருக்கு. அவர் ஏமாற்றவே வேண்டியதில்லை. கட்டைகள் நேர்மையாக விழுந்தாலே நூற்றுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் அவர் பைக்குப் போய்விடும்.

ஏமாற்ற நினைத்தாலும் வழி உண்டுதான். கட்டையின் ஒரு பக்கத்தில் துளையிட்டு ஈயம் வைத்து மூடுவார்கள். ஆனால் சந்தேகப்பட்டவன் கட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். எதற்கும் அஞ்சாதவனாக இருந்தால் உருட்டியவரின் சட்டையைப் பிடிக்கலாம்.

இன்று இதே ஆட்டங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. திரையில் சீட்டு கலைகிறது, சக்கரம் சுழல்கிறது, கட்டை உருள்கிறது. ஆனால் அங்கே சீட்டும் இல்லை, சக்கரமும் இல்லை, கட்டையும் இல்லை. எங்கோ ஒரு கணிப்பொறி ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணுக்கேற்பத் திரையில் படம் வரைகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது? அதை முன்கூட்டியே யாரேனும் அறிய முடியுமா? சூதாட்டத்தைச் சுற்றி நடந்த சில பெரிய கணிப்பொறிக் குற்றங்களை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு கேள்விகளும் போதும்.

ஒற்றையா, இரட்டையா?

கணிப்பொறி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் எந்திரம். ஒரே கேள்விக்கு ஒரே விடைதான் தரும். அப்படிப்பட்ட எந்திரத்திடம் “நினைத்தபடி ஓர் எண் சொல்” என்றால் அது விழிக்கும். எனவே பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தொடக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. அதிலிருந்து ஒரு விதிப்படி அடுத்த எண், அதிலிருந்து அதற்கடுத்த எண் என்று செய்துகொண்டே போவது. தொடக்க எண்ணை வித்து எண் என்போம். வருகிற எண்கள் ஒழுங்கற்றவைபோலத் தோன்றும். உண்மையில் அவை ஒழுங்கின் பிள்ளைகள்.

நீங்களே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். வித்து எண் 7 என்று வையுங்கள். அதை 5ஆல் பெருக்கி 3ஐக் கூட்டுங்கள், 38 வரும். 16ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள், 6. இந்த 6ஐ மறுபடியும் அப்படியே செய்தால் 33, மீதி 1. தொடர்ந்து செய்தால் வருவது: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. அடுத்தது மீண்டும் 7. பதினாறு எண்களும் ஒருமுறை வந்து, பிறகு செக்குமாடுபோல் அதே தடத்தில் சுற்றும்.

முதல் பார்வையில் இந்த வரிசை தாறுமாறாகத்தான் இருக்கிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள்: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிறது. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி “ஒத்தையா ரெட்டையா” விளையாடும் சிறுவன்கூட நாலு ஆட்டத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவான்! நடைமுறையில் 16க்குப் பதிலாக மிகப் பெரிய எண்களைப் பயன்படுத்துகிறார்கள், விதிகளும் சிக்கலானவை. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு மறைந்துவிடும். ஆனால் விதியும் வித்து எண்ணும் தெரிந்தவனுக்கு அடுத்த எண் எப்போதும் தெரியும். வானிலை ஆராய்ச்சிக்கோ பாலத்தின் வலிமையைக் கணக்கிடவோ இத்தகைய எண்கள் போதும். பணம் வைத்து ஆடும் இடத்துக்குப் போதுமா?

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அப்போது இணையம் வழியாகப் ‘போக்கர்’ என்ற சீட்டாட்டம் பரவத் தொடங்கியிருந்தது. அந்த ஆட்டத்துக்கான மென்பொருளைத் தயாரித்த ஒரு நிறுவனம், தங்கள் ஆட்டம் நேர்மையானது என்று காட்டச் சீட்டைக் கலைக்கும் முறையையே வெளியிட்டது. நல்ல எண்ணந்தான். ஆனால் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கணிப்பொறிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் அதைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டார்கள்.

ஐம்பத்திரண்டு சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்துக்கு 52 சீட்டுகளில் ஒன்று, அடுத்ததற்கு 51இல் ஒன்று என்று பெருக்கிக்கொண்டே போனால், 8 என்று எழுதி அதற்குப் பின்னால் 67 சுழிகள் போடும் அளவுக்கு ஓர் எண் வருகிறது. நீங்கள் வீட்டில் ஒரு கட்டை நன்றாகக் கலைத்தால், அதே அடுக்கு உலகில் இதற்குமுன் எவர் கையிலும் வந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அந்த மென்பொருளின் வித்து எண் 32 இரும இலக்கங்களைக் கொண்டது. ஆகவே அதனால் உண்டாக்க முடிந்த அடுக்குகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. அதுவும் பரவாயில்லை, வித்து எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து. நள்ளிரவு முதல் எத்தனை ஆயிரத்திலொரு நொடிகள் கடந்தன என்பதே வித்து எண். ஒரு நாளில் அவை 8 கோடியே 64 லட்சம். எனவே நாள் முழுவதும் அந்த எந்திரம் தரக்கூடிய அடுக்குகள் அவ்வளவே. தங்கள் கடிகாரத்தை நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஒட்டி வைத்தபோது, சோதிக்க வேண்டியவை ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கின.

இனி மீதி எளிது. அந்த ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். பிறகு மூன்று சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். ஆக, ஐந்து சீட்டுகள் தெரியும். ஐந்து சீட்டுகள் வரிசையாக வரக்கூடிய விதங்கள் 31 கோடிக்கும் மேல். இரண்டு லட்சம் அடுக்குகளில் இந்த ஐந்தும் அதே இடங்களில் பொருந்துவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். வல்லுநர்களின் நிரல் அதைக் கண நேரத்தில் தேடிப் பிடித்தது. பிறகென்ன? எதிராளிகள் கையில் இருப்பவை, இனி திறக்கப்போகிறவை எல்லாம் திரையில் வரிசையாக வந்து நின்றன. அவர்கள் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை, நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். குற்றவாளிகள் முதலில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அடுத்த கதை சொல்லும்.

அதிரும் கைப்பேசி

ரஷ்யாவில் 2009 ஜூலை முதல் தேதியிலிருந்து, சில தனி மண்டலங்கள் தவிர, நாடெங்கும் சூதாட்டக் கூடங்களை மூடிவிட்டார்கள். காசு போட்டு விசையை அழுத்தும் சூதாட்ட எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் வேலையற்று நின்றன; மலிவு விலைக்குக் கைமாறின. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஒரு குழு அவற்றில் சிலவற்றை வாங்கிப் பிரித்துப் போட்டது. உள்ளே எண்களை உண்டாக்கும் விதி எது என்று பொறுமையாக ஆராய்ந்தது. அதே வகை எந்திரங்கள் உலகின் மற்ற நாடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா? நல்ல நோக்கத்தோடு ஒரு நாட்டில் போட்ட தடை, இன்னொரு நாட்டில் களவுக்குக் கருவியானது.

2014 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரச் சூதாட்டக் கூடம் ஒன்றில், சில எந்திரங்கள் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்திருப்பது கணக்கில் தெரிந்தது. பெரும் பரிசு எதுவும் விழவில்லை. சின்னச் சின்ன வெற்றிகளே. காவற்படத்தைப் பார்த்தார்கள். ஒரு மனிதர் எந்திரத்தின் முன் உட்கார்ந்து சில ஆட்டங்கள் ஆடுகிறார். கைப்பேசியைத் திரைக்கு அருகில் பிடித்திருக்கிறார். எழுந்து போய்விட்டுச் சற்று நேரம் கழித்து வருகிறார். இப்போது விரல் விசையின்மேல் நெடுநேரம் தயங்கி நிற்கிறது. பிறகு திடீரென்று அழுத்துகிறது.

நடந்தது இதுதான். முதலில் ஆடிய இருபது, இருபத்தைந்து ஆட்டங்களின் படம் ரஷ்யாவுக்குப் போயிற்று. அங்கே இருந்தவர்களுக்கு விதி முன்பே தெரியும். விழுந்த வரிசையைப் பார்த்து, எந்திரம் தன் தடத்தில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணித்தார்கள். நம்முடைய சிறிய வரிசையில் 11, 10, 5 என்று கண்டால் அடுத்தது 12 என்று சொல்லிவிட முடிகிறதல்லவா, அதுபோல. எந்திரத்தில் எண்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். விசையை அழுத்தும் கணத்து எண்தான் ஆட்டத்தை முடிவு செய்யும். எனவே எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்ற பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். அந்தக் கணத்துக்குக் கால் நொடி முன்னால் கைப்பேசி அதிரும். ஏன் கால் நொடி? அதிர்வை உணர்ந்து விரல் அசைய மனிதருக்கு அவ்வளவு நேரம் ஆகும்! குற்றத்துக்குள் உடலியல் பாடம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

குழுவைச் சேர்ந்த சிலர் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர். சூதாட்டக் கூடத்தின் பணம் போனதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். எனக்கும் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் கூடத்தை வெளியிலிருந்து ஏமாற்றக்கூடிய அதே அறிவு உள்ளே இருப்பவரிடம் இருந்தால், ஏமாறுகிறவர்கள் சீட்டு வாங்கிய சாதாரண மக்கள்.

அப்படியும் நடந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களின் லாட்டரிகளை நடத்திய சங்கத்தில், எடி டிப்டன் என்பவர் கணிப்பொறிப் பாதுகாப்புக்கே தலைவராக இருந்தார். வேலிக்குக் காவல் அவர்தான். குலுக்கல் எண்களைத் தரும் கணிப்பொறி நிரலில் அவர் சில வரிகளைச் சேர்த்து வைத்தார். ஆண்டின் மூன்று நாட்களில், வாரத்தின் குறிப்பிட்ட இரு கிழமைகளாக அவை அமைந்து, நேரம் இரவு எட்டைத் தாண்டியிருந்தால் மட்டும் அந்த வரிகள் விழித்துக்கொள்ளும். அப்போது வரும் எண்களை அவரால் முன்பே கணிக்க முடியும். மற்ற நாட்களில் எந்திரம் மாசுமறுவற்றது. ஏதோ ஒரு நாளில் பல லட்சம் எண்களை எடுத்துச் சோதித்தாலும் புள்ளியியலுக்கு ஒரு குறையும் தென்படாது.

2010 டிசம்பர் 29ஆம் நாள் அயோவா மாநிலத்தில் ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட பரிசு ஒரு சீட்டுக்கு விழுந்தது. ஓராண்டு வரை யாரும் வரவில்லை. கெடு முடியச் சில மணி நேரம் இருக்கும்போது, பெலிஸ் என்ற சிறு நாட்டில் பதிவான ஓர் அமைப்பின் பெயரால் வழக்கறிஞர் ஒருவர் கேட்டார்; சீட்டை வாங்கியவர் யார் என்று வினவியதும் பின்வாங்கினார். பரிசுக்கு ஆள் இல்லை என்றால் சந்தேகம் வராதா? சீட்டு விற்ற கடையின் காவற்படத்தை 2014இல் வெளியிட்டபோது, உருவத்தையும் குரலையும் உடன் வேலை செய்தவர்கள் அடையாளம் கண்டார்கள். பிறகு பழைய குலுக்கல்களைத் தோண்டினார்கள். கொலராடோவில் 2005 நவம்பர் 23, விஸ்கான்சினில் 2007 டிசம்பர் 29, ஓக்லஹோமாவில் 2011 நவம்பர் 23 என்று அதே தேதிகள் திரும்பத் திரும்ப வந்தன. விஸ்கான்சினின் பழைய எந்திரத்திலிருந்து அந்த நிரல் வரிகள் அகப்பட்டன. 2017இல் அவருக்கு 25 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எண்ணை எப்படி நம்புவது?

கணக்கில் பிறக்காத எண் வேண்டுமானால் இயற்கையிடம்தான் போக வேண்டும். பிரிட்டன் அரசின் பரிசுப் பத்திரங்களுக்கு 1957இல் ‘எர்னி’ என்ற எந்திரத்தைச் செய்தார்கள். நியான் வாயு நிரப்பிய குழாய்களில் மின்னோட்டம் ஓயாமல் நடுங்கும். அந்த நடுக்கத்திலிருந்து எண்களை எடுத்தார்கள். அதைக் கட்டியவர்களில் போர்க்காலத்தில் ‘கொலாசஸ்’ என்னும் கணிப்பொறியை உருவாக்கிய அஞ்சல் துறைப் பொறியாளர்களும் இருந்தனர். 2019இல் வந்த ஐந்தாம் எர்னி ஒளியின் குவாண்டம் பண்பைப் பயன்படுத்துகிறது. (அந்தப் பத்திரத்தில் முதல் தொலைவதில்லை, வட்டிதான் பரிசாகப் பிரிகிறது. நமது பழைய லாட்டரிச் சீட்டோடு அதை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.)

இன்னொரு வழி முத்திரை வைப்பது. ஆட்டம் தொடங்குமுன் நிறுவனம் தன் சீட்டு அடுக்கிலிருந்து ஒரு கணித அடையாளக் குறியைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். குறியிலிருந்து அடுக்கைக் கண்டுபிடிக்க இயலாது. அடுக்கை மாற்றினால் குறி மாறிவிடும். ஆட்டம் முடிந்தபின் அடுக்கை வெளியிட்டால் எவரும் ஒத்துப் பார்க்கலாம். நல்ல முறைதான். ஆனால் எதிரே ஆடுவது மனிதரா, மனிதர் பெயரில் ஆடும் நிரலா, மூன்று பெயரில் ஒரே ஆளா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.

சரி, எண்ணும் நேர்மை, எதிராளியும் நேர்மை என்றே வைத்துக்கொள்வோம். சாக்குக்காரரின் 17 ரூபாய் அப்போதும் இருக்கிறது. திருவிழாவில் அவர் ஆள் சேர்த்து, டப்பா குலுக்கி, காசு எண்ணிக் கொடுக்க ஒரு ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். கைப்பேசியில் நிமிடத்துக்குப் பத்து ஆட்டம் ஆடலாம். ஒரு ஆட்டத்துக்குப் 10 ரூபாய், நூற்றுக்கு 95 ரூபாய் திரும்பத் தரும் ‘தாராளமான’ எந்திரம் என்று வையுங்கள். மணிக்கு 600 ஆட்டம். புழங்கும் பணம் 6,000 ரூபாய். சராசரி இழப்பு 300 ரூபாய். இரவு முழுவதும் ஆடினால்? பெருக்கிக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். கையிலுள்ள பணத்துக்கு அல்ல, சுழலும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அது என்பதில்தான் சூட்சுமம்.

ரம்மியில் இது வேறு வடிவம். நான்கு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்காருகிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய். நடத்துபவர் நூற்றுக்குப் பத்து எடுக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 ரூபாய் மேசையை விட்டுப் போகிறது. இருநூறு ஆட்டத்தில் நான்காயிரமும் தீரும். நால்வரும் ரம்மியில் புலிகளாக இருக்கலாம். அந்த 20 ரூபாயைத் திறமை தடுக்காது.

ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நம் நாட்டில் பழையது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துச் சேர்க்கத் திறன் வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் திறன் ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் கூறியது. மனமகிழ் மன்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய காலம் அது. 2003இல் லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாடு, கைப்பேசிக் காலத்தில் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் பெருகியபின், 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணையில் சேர்த்ததை ஏற்கவில்லை. பிறகு 2025 பிப்ரவரியில் வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்கு இடைவேளை விட்டன. ஜூனில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது.

இந்த இடைவேளை அறிவியல் நோக்கில் பொருளுள்ளது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறா ஓயாமல் விசையைக் கொத்தும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலறிஞர் காட்டினார். மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றியைப்போலவே மூளையைக் கிளர்த்தி இன்னொரு ஆட்டத்துக்குத் தள்ளுகிறது. “ஒரு சீட்டில் போச்சு” என்பவன் எழுந்திருக்க மாட்டான். அவனை எழுப்ப வெளியிலிருந்துதான் ஏதேனும் நிற்க வேண்டும். சூதாட்ட நோயை உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற பழைய வேறுபாட்டையே விட்டுவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன.

தடை போட்டதும் தொழில் மறைந்துவிடுமா என்பதற்குக் கம்போடியாவைப் பார்க்கலாம். சிஹானூக்வில் துறைமுக நகரில் இணையச் சூதாட்ட நிலையங்கள் மலிந்திருந்தன. 2019இல் அரசு அவற்றை நிறுத்தியது. கட்டடங்கள், கணிப்பொறிகள், கும்பல்கள் அப்படியே இருந்தன. சூதாட்டத்துக்குப் பதிலாக வெளிநாட்டாரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் தொழில் அங்கே குடியேறியது. மியான்மரிலும் அப்படியே. வேலை தருவதாக அழைத்துச் சென்று அடைத்து வைத்து, மிரட்டி இந்த வேலையைச் செய்ய வைக்கப்பட்டவர்கள் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் கணித்தது. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று நம்பிப் போய் மியாவடியில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னைக்குத் திரும்பி வந்தார்கள்.

எனவேதான் புதிய சட்டத்தில் சிறைத் தண்டனையைவிட வேறொரு பிரிவு என் கண்ணில் பட்டது. இத்தகைய ஆட்டங்களுக்கான பணத்தை வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் கையாளக் கூடாது என்கிறது அது. எண் எந்த நாட்டுக் கணிப்பொறியில் பிறந்தாலும், வைக்கிற காசு நம் ஊர் வங்கிக் கணக்கிலிருந்துதான் புறப்பட வேண்டும். அந்த வாசலில் நிற்பவர் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார், பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக எவ்வளவு ஒழுகிப் போகிறது என்பதைப் பொறுத்தே, இந்த முறை துணியும் டப்பாவும் விளக்கும் எங்கே போய் மறைகின்றன என்பது தெரியும்.